சின்னச் சின்ன சிமெண்ட் வேலைக்குக் கலவை போடுவது: நீண்ட நாள் பயன்பாட்டில் எது உதவுகிறது, எது படுத்துகிறது

பெயர்ந்த பூச்சு, உடைந்த படி, துணிக்கொடிக் கம்பம் நடுவது போன்ற வேலைகளுக்கு ஒரு வாளி, இரண்டு வாளி கலவை போதும். ஆனால் கலவை குறையக் குறைய அளவில் நேரும் பிசகு பெரிதாகிறது. ஒரு முழு மூட்டைக் கலவையில் அரை லிட்டர் தண்ணீர் கூடினால் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு கிலோ சிமெண்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. அதில் அரை லிட்டர் கூடினால் கான்கிரீட்டின் வலு பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும். அதனால் இந்த வேலைக்கு வாங்கும் சாமான்களில் முதலிடம் மெஷினுக்கு அல்ல, கோடு போட்ட ஒரு லிட்டர் குவளைக்கு.

சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர் நான்கையும் அதே அளவுக் குவளையால் அளக்கலாம். சிமெண்டை அழுத்தாமல் அள்ளி மேலே வழித்துவிட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ வரும். சாதாரண கான்கிரீட்டுக்கு 1:2:4 என்றால் 2 லிட்டர் சிமெண்டு, 4 லிட்டர் மணல், 8 லிட்டர் ஜல்லி, சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர். மொத்தம் 14 லிட்டர் போட்டாலும் கையில் வருவது 9 லிட்டர்தான். மணல் ஜல்லி இடுக்கிலும் சிமெண்டு மணல் இடுக்கிலும் போய் அடங்கிவிடும். 30 செ.மீ. சதுரத்தில் 45 செ.மீ. ஆழக் குழிக்கு 40 லிட்டர் வேண்டும், அதாவது இப்படி நான்கைந்து தடவை போட வேண்டும்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் ஈர மணலில். ஈரம் பட்ட மணல் உப்பி நிற்கும், கால் பங்கு வரைகூட. நான்கு லிட்டர் அள்ளினால் உண்மையில் மூன்றேகால் லிட்டர் மணல்தான் போகிறது. அதோடு அந்த மணலுக்குள்ளேயே கால் லிட்டர் தண்ணீர் இருக்கலாம். எனவே சொன்ன தண்ணீரில் முக்கால் பங்கை மட்டும் முதலில் ஊற்றி, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே சரி. கரண்டி முதுகால் தேய்த்தால் மேலே மினுக்கம் வர வேண்டும். கீறிய கோடு மூடாமல் நிற்க வேண்டும். தண்ணீர் தனியாக ஓரத்தில் கசிந்தால் கூடிவிட்டது.

பூச்சு ஒட்டுக்கு 1:4 (ஒரு பங்கு சிமெண்டு, நான்கு பங்கு மணல்) நல்ல அளவு. சிமெண்டைக் கூட்டினால் வலு கூடும் என்று 1:2 போடுகிறவர்கள் உண்டு. காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும், ஓரத்தில் பழைய பூச்சைவிட்டு விலகும். அடியில் இருக்கும் செங்கலை நனைக்காமல் பூசினாலும் கெட்டுப்போகும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிறகு தட்டிப் பார்த்தால் டொக்கென்று கேட்கும்.

ட்ரில்லில் மாட்டும் கலக்கும் தண்டு சாந்துக்கு அருமை, கான்கிரீட்டுக்கு அவ்வளவாகச் சரிப்படாது. முக்கால் இஞ்ச் ஜல்லி தண்டுக்கும் வாளிக்கும் நடுவில் சிக்கினால் மெஷின் மணிக்கட்டைத் திருகிவிடும். கான்கிரீட்டை மண்வெட்டியால் தகரத்தின் மேல் புரட்டுவதே நிம்மதி. சாந்துக்கும் சுவரில் ஓட்டை போடும் சாதாரண ட்ரில் வேண்டாம். மெதுவாக ஓட்டினால் சூடேறி மோட்டார் கருகும். குறைந்த வேகமும் 1200 வாட்டுக்கு மேல் திறனும் உள்ள கலக்கும் மெஷினே தாங்கும். கெட்டிச் சாந்துக்குக் கீழிருந்து மேலே இழுக்கும் சுருள் தண்டு. மேலிருந்து கீழே தள்ளுவது பெயிண்ட் போன்ற நீர்த்த சரக்குக்கு.

வரிசையும் மாறுகிறது. மெஷினில் தண்ணீர் முதலில், பொடி பிறகு. இல்லாவிட்டால் அடி மூலையில் காய்ந்த பொடி ஒட்டிக்கொண்டு கடைசிவரை கலங்காது. கையால் என்றால் மணலும் சிமெண்டும் ஒரே நிறமாகும்வரை உலர்வாகப் புரட்டி, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட வேண்டும்.

கலவை போடும் பாண்டுச் சட்டியில் வளையும் ரப்பர் வகைதான் நீடிக்கிறது. ஒட்டியது காய்ந்த பிறகு முறுக்கினால் பாளம் பாளமாகக் கழன்றுவிடும். அலுமினியப் பாத்திரத்தில் போடவே கூடாது, ஈரச் சிமெண்டு அதை அரித்துக் குமிழி விடும்.

கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பார்க்கப் புதிதுபோல் இருக்கும், வலு இருக்காது. முடித்த வேலையை ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு நனைத்துவர வேண்டும்.

ரப்பர் கையுறை கட்டாயம். சிமெண்டுக் காரம் தோலை அரிக்கும்போது உடனே வலிக்காது. வலி தெரியும்போது புண் ஆகியிருக்கும். பொடி கொட்டும்போது முகமூடியும் வேண்டும்.

தண்டை உடனே ஒரு வாளித் தண்ணீரில் சுழற்றிக் கழுவலாம். அந்தத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாமல் தெளியவிட்டு, அடியில் இறுகியதைக் குப்பையில் போட வேண்டும். மீதிச் சிமெண்டைக் காற்றுப் புகாத டிரம்மில் வைத்தாலும் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. விரலில் நசுக்கினால் பொடியாகும் கட்டி பரவாயில்லை. நசுங்காத கட்டி இருந்தால் அந்தச் சிமெண்டைக் கம்பம் நடவோ படி கட்டவோ எடுக்கக் கூடாது.