தட்டைப்பயறும் 137.5 பாகையும்: ஒரு கணிதப் பெட்டியின் மதிப்புரை

செடிகொடிகளிலும் விலங்குகளிலும் காணும் ஒழுங்கைக் கணிதத்தால் விளக்குவதாகச் சொல்லும் விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கோவை ஆர்.எஸ்.புரத்தில் 650 ரூபாய்க்கு வாங்கி, பொள்ளாச்சிப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்துச் சாளையில் மகள் வயிற்றுப் பேத்தியுடன் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன்.

பெட்டியின் உயிர் அதிலுள்ள கோணவட்டம்தான். ஒவ்வொரு முறையும் 137.5 பாகை திருப்பி, அச்சிட்ட வளையங்களின்மேல் தட்டைப்பயறை வைத்துக்கொண்டே போனால், அறுபது எழுபது பயறுக்குள் சூரியகாந்திப் பூவின் நடுவில் தெரியும் சுருள்கள் தாமாகவே எழுந்துவிடுகின்றன. கோணத்தை 135 ஆக்கியதும் அத்தனை பயறும் எட்டுக் கோடுகளில் ஒடுங்கி, இடையில் இடமெல்லாம் வீணாகக் கிடந்தது. 135 பாகை என்பது முழுச் சுற்றில் எட்டில் மூன்று பங்கு என்று நான் தொடங்குவதற்குள், "அப்புச்சி, எட்டுக்கு ஒருக்கா அதே பக்கமே வருது" என்று அவள் சொல்லிவிட்டாள். பொன் விகிதத்திலிருந்து (ஏறத்தாழ 1.618) பிறக்கும் 137.5 பாகை எந்த எளிய பின்னத்துக்கும் பிடிகொடுக்காததால்தான் விதைகள் இடைவெளியின்றி நிறைகின்றன என்பதை அதன்பின் சொல்வது எளிதாயிற்று. அன்னாசிப்பழத்தின் கண்களையும் எண்ணினோம்: ஒரு பக்கச் சாய்வில் 8 வரிசை, மறுபக்கம் 13; இவ்விரண்டின் விகிதமும் பொன் விகிதத்தை ஒட்டியதுதான்.

விலங்குகளுக்கான அட்டைகள் இந்தத் தரத்தில் இல்லை. வளர்ச்சியைத் தூண்டும் வேதிப்பொருள் மெல்லப் பரவ, அதைத் தடுப்பது விரைந்து பரவினால் புள்ளியும் கோடும் உருவாகலாம் என்று கணித அறிஞர் ஆலன் டூரிங் 1952இல் முன்வைத்த கருத்தை நான்கே வரிகளில் முடித்துவிட்டு, டாப்சிலிப்பில் நாம் பார்க்கும் புள்ளிமானுக்கு அது அப்படியே பொருந்துவதுபோல் எழுதியிருக்கிறார்கள். மீன் வளர வளர அதன் தோலில் கோடுகள் நகர்ந்து கிளைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் காட்டியதையாவது சேர்த்திருக்கலாம். நாட்டிலஸ் என்னும் கடல் உயிரியின் ஓடு, கால் சுற்றுக்கு ஒருமுறை பொன் விகித அளவில் விரியும் பொன் சுருள் என்று அட்டை சொல்வது வெறும் பிழை. அந்த ஓடு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மடங்குதான் விரிகிறது, பொன் சுருளோ கிட்டத்தட்ட ஏழு மடங்கு விரியும்.

தென்னையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எங்கள் ஊர்க்காரனுக்கு உறுத்தும். மட்டைகள் சில மரங்களில் இடஞ்சுழியாகவும் சிலவற்றில் வலஞ்சுழியாகவும் அமைவதையும், அது தாய்மரத்திலிருந்து கன்றுக்கு வருவதில்லை என்பதையும் தாவரவியல் ஆய்வாளர் டி.ஏ.டேவிஸ் 1962இலேயே எழுதியிருக்கிறார். நாங்கள் தோப்பில் நாற்பது மரங்களைப் பார்த்தோம்; 22 ஒரு பக்கம், 18 மறுபக்கம்.

வளையத்தாள் மூன்றாம் நாளே கிழிந்துவிட்டது. வாங்குவோர் முதலிலேயே நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.