அப்பாவின் கையெழுத்து தெளிவாக இருக்கும்போதே

மார்கழியில் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் வந்து இறங்கினேன். செய்ய வேண்டிய வேலைகளில் முதலாவதாக நான் குறித்து வைத்திருந்தது, அப்பாவிடம் ஒரு பவர் பத்திரம், அதாவது அவர் சார்பில் நான் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி வாங்குவது. அது கையில் இருந்தால் வங்கி, வீடு, மருத்துவமனை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்று முழுதாக நம்பியிருந்தேன். மூன்றாம் நாளே அந்த நம்பிக்கை உடைந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலரும் இதே நினைப்பில் இருப்பது தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சொந்த ஊரில் அம்மாவோடு இருக்கிறார். ஒரு வருடமாக மறதி. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. இப்போது கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியே சில நாள் குழம்புகிறது. நரம்பியல் மருத்துவர் தொடக்க நிலைதான் என்றார். கூடவே, "போட வேண்டிய கையெழுத்துகளை இந்தப் பயணத்திலேயே போட வைத்துவிடுங்கள். காலை வேளைதான் இவருக்கு நல்ல நேரம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உறவினர் மூலம் அறிமுகமான வழக்கறிஞர் அம்மையாரிடம் போனோம். நான் பவர் என்று தொடங்கியதும் அவர் நிறுத்தினார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சரி, மனநலம் குன்றினாலும் சரி, முகவரின் அதிகாரம் அத்தோடு முடிந்துபோகும். "உங்கள் அப்பா நினைவோடு இருக்கும்வரை இந்தப் பவர் உங்களுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. தேவைப்படும் நாளில் இது செல்லாது" என்றார். எனக்குக் கை சில்லிட்டுப்போனது.

சிங்கப்பூரில் இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கே ஒரு பத்திரம் செய்து வைத்திருக்கிறேன். அங்கே எல்பிஏ (லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி) என்பார்கள். 2010-இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டத்தின் கீழ் வருவது. எனக்கு நினைவு தவறினால் என் பணத்தையும் உடல்நலத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே எழுதிப் பதிவு செய்துவிடலாம். நான் முடிவெடுக்க இயலாத நிலையில்தான் அது உயிர் பெறும். சான்றளித்த மருத்துவர், யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள என்னிடம் தனியாகக் கேள்விகள் கேட்டார். ஊரிலும் இதே போல ஒன்று இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இந்தியாவில் அப்படி ஒரு பத்திரம் இல்லை.

அப்படியானால் நினைவு போன பிறகு என்ன வழி? நீதிமன்றம்தான். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. ஆனால் அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே. கோமாவில் கிடப்பவருக்கும் முதுமை மறதிக்காரருக்கும் அதில் இடமில்லை. 2024-இல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவி, கணவரின் சொத்தைக் கையாள அனுமதி கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனி நீதிபதி ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வுதான் அவரைக் காப்பாளராக நியமித்தது. சிகிச்சைச் செலவுக்குச் சொந்தக் கணவரின் சொத்தைத் தொட ஒரு பெண் இவ்வளவு படி ஏற வேண்டியிருக்கிறது. அம்மாவை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆகவே ஒரே பத்திரம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கட்டினோம்.

முதலில் வங்கி. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. அதை அம்மாவோடு சேர்ந்த கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மாற்றக் கேட்டோம். ஓய்வூதியக் கணக்கைக் கூட்டாக வைக்க முடியாது என்று கவுண்டரில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள், மத்திய அரசு ஓய்வூதியருக்கு மனைவியோடு கூட்டுக் கணக்கு அனுமதிக்கப்பட்டதுதான் என்பதை அச்செடுத்துக் கொண்டுபோனேன். மேலாளர் படித்துவிட்டு உடனே படிவம் கொடுத்தார். அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது இன்னொன்று: கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாதவர், கைநாட்டோ கால் பெருவிரல் ரேகையோ வைத்துக்கூடப் பணம் எடுக்கலாம், வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு பேர் அடையாளம் சொல்ல வேண்டும். ஆனால் அது உடல் தளர்ந்தவருக்கு உதவும், நினைவு தளர்ந்தவருக்கு உதவாது. நியமனதாரர் (நாமினி) பெயர் கொடுத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது இறப்புக்குப் பிறகுதான். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்றாலும் உயிரோடு இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

அடுத்து வீடு. பத்திரம் எழுதுபவர், "பெண் பெயருக்கே செட்டில்மென்ட் போட்டுவிடுங்கள் ஐயா, ஒரே வேலையாக முடிந்துவிடும்" என்றார். அதாவது அப்பா வீட்டை இப்போதே என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. நான் மறுத்துவிட்டேன். கடல் கடந்து இருக்கும் என் பெயரில் வீடு இருப்பதால் அம்மாவுக்கு என்ன பாதுகாப்பு? அம்மா பெயருக்கே எழுதினோம். அப்பாவுக்கு ஆயுள் முழுவதும் அங்கே வாழும் உரிமை உண்டு, அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை வழக்கறிஞர் சேர்க்கச் சொன்னார். பராமரிக்காமல் விட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யும்படி, பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவைக் காட்டிப் பின்னாளில் நியாயம் கேட்க அந்த வரிதான் பிடிமானம். சொத்தை எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் யாராக இருந்தாலும் இதைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இணையத்தில் எடுத்த டோக்கன் நேரம் காலை பதினொன்று. கூப்பிட்டது இரண்டு மணிக்கு. அதற்குள் அப்பா களைத்துவிட்டார். சார்பதிவாளர் கேட்ட கேள்விகளுக்குச் சரியாகத்தான் பதில் சொன்னார். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் நான் பட்ட பயம் சொல்லி மாளாது. அன்று காலையே மருத்துவரிடம் வாங்கியிருந்த, சுயநினைவோடு புரிந்து பேசுகிறார் என்ற சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பதிவு அதிகாரி வீட்டுக்கே வரச் சட்டத்தில் இடம் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மிகவும் தயங்கியது மருத்துவ விருப்ப ஆவணத்துக்குத்தான். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலையில் உயிர் நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. அப்போது நீதித்துறை நடுவரின் ஒப்பம் தேவைப்பட்டதால் கிட்டத்தட்ட யாராலும் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும்.

இதை எப்படிப் பேச்செடுப்பது என்று இரண்டு இரவு யோசித்தேன். அப்பாவோ காபியை வைத்துவிட்டு, "எழுது, நான் சொல்கிறேன்" என்றார். நான் 'செயற்கைச் சுவாசக் கருவி' என்று எழுதியதைப் பார்த்து, "மெஷின் என்று எழுதும்மா. உன் அம்மா படித்தால் புரிய வேண்டும்" என்றார். பிழைக்க வழியில்லை என்று ஆன பிறகு மெஷின் வேண்டாம், குழாய் வழிச் சாப்பாடு வேண்டாம், வலி மட்டும் தெரியக்கூடாது. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்த முடிவை உன் அம்மா தனியாக எடுக்கும்படி வைக்காதே." அவர் சார்பில் முடிவு சொல்ல அம்மாவையும் என்னையும் சேர்த்தே பெயர் குறித்தோம், ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிக்கலாம். நாங்கள் சொன்னாலும் உடனே எதுவும் நடந்துவிடாது, மருத்துவமனையின் முதல்நிலை மருத்துவர் குழுவும் இரண்டாம் நிலை மருத்துவர் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விளக்கியபோது அம்மாவின் முகம் சற்றுத் தெளிந்தது.

முதலில் போன நோட்டரி இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கைவிரித்துவிட்டார். இரண்டாமவர் முழுவதும் படித்து, அப்பாவிடம் நேரில் கேட்டு, முத்திரை வைத்தார். ஒரு பிரதி குடும்ப மருத்துவருக்கு. ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும், அவர்கள் அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அங்கே நான்கு மேசை ஏறி இறங்கியும் பொறுப்பாளர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டேன். இது சரியல்ல. உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சியும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

கிளம்பும் நாள் காலை, எல்லாப் பத்திரங்களையும் ஒரே கோப்பில் போட்டு, மேலே எது எதற்கு என்று பெரிய எழுத்தில் எழுதி பீரோவில் வைத்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு எப்போது எழுதப் போகிறாய்?" என்று கேட்டார். ஜூன் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.