தேளியா, நடக்கும் கெளுத்தியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா?

மூன்றையும் ஒரே வாளியில் போட்டுவிட்டால் மேலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். செதில் இல்லாத கறுத்த வழவழ உடம்பு, தட்டைத் தலை, வாயைச் சுற்றி நாலு சோடி மீசை. மூன்றுமே அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். இது போதாதென்று தேளி என்ற ஒரே பேரில் எல்லாவற்றையும் கூப்பிடுகிற வழக்கமும் இருக்கிறது.

முதலில் உண்மையான தேளியைப் பிரித்துவிடலாம், அது சுலபம். ஹெட்டிரோநியூஸ்டஸ் ஃபாஸிலிஸ் என்பது அறிவியல் பேர். முதுகைப் பாருங்கள். தேளிக்கு ஆறேழு கதிர்கள் கொண்ட ஒரு குட்டித் துடுப்புதான், ஏதோ ஒட்டுப்போட்டது போல நிற்கும். மற்ற இரண்டும் கிளாரியஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் நீளும். தேளி பெரும்பாலும் 30 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஆனால் தேளியைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அதன் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. பேருக்கே அதுதான் காரணம். குத்தினால் வலி தாங்க முடியாது. நஞ்சு புரதம் என்பதால் வெப்பத்தில் சிதையும்; கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் வலி இறங்கும். கிளாரியஸ் முள்ளும் கையைக் கிழிக்கும்தான், இருந்தாலும் தேளி வேறு ரகம்.

உள்ளே பார்த்தாலும் இந்தப் பிரிவு தெரியும். தேளி காற்றைச் சேமிப்பது செவுள் அறையிலிருந்து முதுகுத் தசைக்குள் பின்னோக்கி ஓடும் இரண்டு நீளப் பைகளில். கிளாரியஸ் மீன்களுக்கு அது செவுளுக்கு மேலே குட்டி மரம் மாதிரி கிளைவிட்ட உறுப்பு. இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து முளைக்கிறது. வேலை ஒன்று, கருவி வேறு.

சரி, தலைவலி இனிமேல்தான். நடக்கும் கெளுத்திக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் என்ன வித்தியாசம்?

நிறத்தை வைத்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வளர்ந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியின் உடம்பில் பளிங்குக் கல் போலத் திட்டுத் திட்டாக இருக்கும், மற்றதில் பின்பக்கம் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் கலங்கிய நீரில் வளர்ந்தது வெளுக்கும், இருட்டுத் தொட்டியில் வளர்ந்தது கறுக்கும். நடக்கும் கெளுத்தியில் வெள்ளை மீனே உண்டு. 1960களில் ஃபுளோரிடாவில் தப்பிப் பரவியவை முதலில் அப்படிப்பட்டவைதான். பறவைகள் கண்ணில் எளிதில் பட்டதால் அந்த நிறம் அங்கே சீக்கிரமே அருகிப்போனது. அளவும் அப்படியே. ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றரை மீட்டரையும் தாண்டும். மற்றது அரை மீட்டரை எட்டுவதே அபூர்வம். பெரிதாக இருந்தால் சந்தேகமில்லை. கையிலிருப்பது குஞ்சாக இருந்தால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

நம்பத் தகுந்தது பின்மண்டை. ஈரத்துணியால் மீனைப் பிடித்து, கட்டைவிரலைத் தலை உச்சியிலிருந்து முதுகை நோக்கி மெதுவாக இழுங்கள். தலை எலும்பு முடியும் விளிம்பு விரலில் தட்டும். நடக்கும் கெளுத்தியில் நடுவில் ஒரே முனை. ஆப்பிரிக்கக் கெளுத்தியில் மூன்று முனைகள், பல் வைத்த மாதிரி. இன்னும் உறுதி வேண்டுமா? மார்பு முள்ளைப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு ரம்பப் பல் வெளி விளிம்பில் மட்டும்தான். மற்றதற்கு உள் விளிம்பிலும் இருக்கும்.

பேர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய நூல்களில் நடக்கும் கெளுத்தியின் அறிவியல் பேரான கிளாரியஸ் பாட்ரகஸ் என்றாலே இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரைக்கும் ஒரே மீன். 2008இல் வந்த ஆய்வு அந்தப் பேரை ஜாவா மீனுக்கு உரியதாக்கியது; வட இந்திய மீன் இப்போது கிளாரியஸ் மாகுர். அதனால் பழைய படத்தோடு ஒப்பிடும்போது எந்த ஊர் மீன் என்று பாருங்கள்.

இனப்பெருக்கத்திலும் குணம் வேறு. நடக்கும் கெளுத்தி குழி பறித்து முட்டையிடும், ஆண் காவல் இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ வெள்ளம் ஏறிய கரைப் புல்லில் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். குஞ்சு பிழைப்பது குஞ்சு பாடு. இத்தனை பொறுப்பில்லாத மீன்தான் உலகெங்கும் பண்ணைகளில் பெருகியது. காரணம் வளர்ச்சி வேகம், எதையும் தின்னும் வாய். பொரிப்பகத்தில் ஆணின் வயிற்றைப் பிசைந்து விந்து எடுக்க வராது. பெரும்பாலும் மீனைக் கொன்று விந்தகத்தை வெளியே எடுத்துத்தான் முட்டையோடு கலப்பார்கள்.

அப்புறம் கலப்பினம். தாய்லாந்தில் கிளாரியஸ் மாக்ரோசெபாலஸ் என்ற இன்னொரு கெளுத்தியின் பெண்ணையும் ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆணையும் சேர்த்து வளர்க்கிறார்கள். தாய்க்குப் பின்மண்டை அகலமாக உருண்டிருக்கும்; குஞ்சுக்கோ அப்பனைப் போல மூன்று முனை வந்துவிடுகிறது. அங்கே கட்டைவிரல் வித்தை பலிக்காது, மரபணுச் சோதனைதான் வழி.