எங்க ஏரியா காயலான் கடை: 4 ஸ்டார்

வீடு காலி பண்றப்போ தேறுன சாமானையெல்லாம் ஆட்டோல ஏத்திட்டுப் போனேன். டிஜிட்டல் தராசு, நம்பர் நம்ம பக்கம் தெரியற மாதிரி வச்சிருக்காங்க, அதுக்கே ஒரு ஸ்டார். கடைக்கார அண்ணன் கயித்துல கட்டுன காந்தத்த வச்சுப் பாப்பாரு, ஒட்டுனா இரும்பு, ஒட்டலேன்னா சுரண்டிப் பாத்து பித்தளையா அலுமினியமான்னு சொல்லிடுவாரு. பழைய அலுமினிய குக்கருக்குத்தான் நல்ல ரேட்டு, பாக்சைட்டுங்கற தாதுல இருந்து புதுசா எடுக்க ஆகற எனர்ஜில சுமாரா 5% இருந்தாப் போதும் பழசை உருக்கிடலாம், அப்புறம் மவுசு இருக்காதா. கைப்பிடி பேக்கலைட்டுங்கற கெட்டி பிளாஸ்டிக், அது திரும்ப உருகாது, உடைச்சுப் போட்டுட்டுதான் எடை போட்டாரு, சரி நியாயம்தான். கடுப்பானது ஒயர்லதான், தோலோட போட்டதால செம்பு ரேட்டு தரல. "உரிச்சுக் கொண்டாங்க தம்பி, எரிச்சுடாதீங்க, கருகுன செம்புக்கு காசு கம்மி"ன்னாரு.