அப்ஸ்கேல்: ஃப்ளெக்ஸுக்குத் தாராளம், கொலுசுக்குக் கவனம்

ஆடித் திருவிழா நெருங்கினால் சேலத்து ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு வந்து சேரும் படங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பல கை மாறியவை. நீளப் பக்கம் 1600 பிக்சல் தேறினாலே அதிர்ஷ்டம். எட்டுக்கு நாலு அடி பேனரை 72 டிபிஐயில் (ஒரு இன்ச்சுக்கு 72 புள்ளி) வைத்தாலும் 6912-க்கு 3456 பிக்சல் வேண்டும். இந்தக் குறையை ஈடுகட்டக் காசு செலவில்லாமல் கிடைக்கிற, படத்தைப் பெரிதாக்கும் செயலிகளில் அப்ஸ்கேல் (Upscayl) உருப்படியானது. ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வாட்டர்மார்க் விழாது, படமும் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. இதே பெயரில் கட்டணக் கிளவுட் சேவையும் உண்டு. இங்கே பேசுவது கம்ப்யூட்டரில் நிறுவும் செயலியை.

ஃபோட்டோஷாப்பின் பைகியூபிக் முறை சுற்றியுள்ள 16 பிக்சல்களை வைத்துக் கணக்குப் போட்டு இடைவெளியை நிரப்பும். அதனால்தான் ஓரம் மழுங்குகிறது. அப்ஸ்கேலில் இருப்பவை 2021-ல் வந்த ரியல்-இஎஸ்ஆர்கான் என்ற ஏஐ முறையின் வழி வந்த மாடல்கள். இவை, அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாக வரைந்துவிடும். இதன் பலமும் அதுதான், வில்லங்கமும் அதுதான்.

வேலை சுலபம்: படத்தைத் தேர்ந்தெடுத்து, மாடலைச் சொல்லி, ஃபோல்டரைக் காட்டிப் பட்டனை அழுத்தினால் போதும். அளவை 4 மடங்கிலேயே விடுங்கள். மாடல்கள் பழகியது அதற்குத்தான். 5, 6 என்று ஏற்றினால் மிச்சம் வெறும் இழுவை. 1600-க்கு 1200 படம் 6400-க்கு 4800 ஆகிவிடும். 12-க்கு 18 இன்ச் போட்டோ பிரிண்டை 300 டிபிஐயில் போட 5400-க்கு 3600 தேவை என்பதால் அதற்கு இது தாராளம். 16 மடங்கு தரும் டபுள் அப்ஸ்கேல் பக்கம் போகாதீர்கள். முதல் சுற்றில் ஊகித்ததை நிஜமென்று நம்பி இரண்டாம் சுற்று அதன்மேல் வரையும், தோல் மெழுகாகிவிடும்.

மாடலில் பொதுவான போட்டோவுக்கு ஸ்டாண்டர்ட், இன்னும் கூர்மையும் விவரமும் வேண்டுமென்றால் ரெமாக்ரி, கார்ட்டூனுக்கும் வரைபடத்துக்கும் டிஜிட்டல் ஆர்ட். அல்ட்ராஷார்ப் பெயருக்கேற்றபடி கூர்மைதான், ஆனால் ஜேபெக் சுருக்கத்தில் விழுந்த கட்டங்களையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிடும். படத்தை முன்கூட்டியே ஷார்ப்பன் செய்து கொடுத்தாலும் இதே கதி. லேசாக நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) குறைத்துவிட்டுப் பெரிதாக்குங்கள். படத்தைத் தேவையான அளவுக்குச் சுருக்கிய பிறகு, ஷார்ப்பனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுப் படங்களில் இதன் குணம் நன்றாகத் தெரியும். பாறை விளிம்பு, சாலை, கட்டடம் எல்லாம் கச்சிதம். சில்வர் ஓக் இலைகளும் காப்பிச் செடிகளும் தூரிகையால் தீற்றிய மாதிரி ஆகிவிடும். மூடுபனியில் பட்டை பட்டையாக வரி விழும். அதற்கு வழி உண்டு. மூலப்படத்தை கிம்ப் என்ற இலவசப் படத்திருத்தச் செயலியில், நோஹேலோ என்ற அளவு மாற்றும் முறையில் அதே அளவுக்குப் பெரிதாக்கிக் கீழ் லேயராக வையுங்கள். அப்ஸ்கேல் படத்தை மேலே வைத்து ஒபாசிட்டியை (கீழ் லேயரை மறைக்கும் அளவை) 60, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். சரியாக 4 மடங்கு என்றால் இரண்டும் பிசகாமல் பொருந்தும். முகத்திலும் இலையிலும் மட்டும் மாஸ்க் போட்டு இன்னும் குறைக்கலாம். கடைசியில் ஒரு சிட்டிகை நாய்ஸ் சேர்த்தால் மெழுகுத்தனம் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர்கள் கொலுசு கேட்லாக்குக்கு இதை நம்ப வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு முத்தை ஒன்றாக்கிவிடும், இல்லாத வேலைப்பாட்டைக் கொண்டுவந்துவிடும். படத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்றால் வாங்குபவர் சும்மா விடுவாரா? கொலுசுக்கு மறுபடி படம் எடுப்பதே மலிவு. எழுத்தும் அப்படியே: சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளி காணாமல் போகும், ன-வும் ண-வும் குழம்பும். பேனரில் எழுத்தைத் திரும்ப டைப் செய்யுங்கள்; லோகோவை இங்க்ஸ்கேப் என்ற வரைபடச் செயலியில் டிரேஸ் பிட்மேப் கொடுத்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் மழுங்காத வெக்டராக்குங்கள். கை ஆடி எடுத்த மங்கல் படத்துக்கும் இது மருந்தல்ல. மங்கலே பெரிதாகும்.

செயலிக்கு வல்கன் (Vulkan) என்ற கிராஃபிக்ஸ் தொழில்நுட்பத்தின் ஆதரவுள்ள கார்டு வேண்டும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் உள்ளமை கிராஃபிக்ஸில் பொறுமை சோதிக்கப்படும். லைட் மாடல் கொஞ்சம் வேகம். பாதியில் நின்றாலோ கறுப்புப் படம் வந்தாலோ டிரைவரைப் புதுப்பித்து, செட்டிங்ஸில் டைல் சைஸை (படத்தைத் துண்டு துண்டாகக் கையாளும்போது ஒரு துண்டின் அளவு) 100 அல்லது அதற்கும் கீழே இறக்கிப் பாருங்கள். கார்டு மெமரி போதாமல் போவதுதான் பல நேரம் காரணம். லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் ஜிபியு ஐடியில் திறன் கூடிய கார்டின் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பிஎன்ஜியாகச் சேமித்தால் தரம் அப்படியே இருக்கும், ஆனால் ஃபைல் கனக்கும். அதைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் திரும்பவும் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.