பிள்ளையின் கண்ணுக்கு எந்த லென்ஸ்?

மட்டக்களப்பு கல்லடியில் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் 5 வயது மகனுக்குக் கண்புரை, அதாவது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போயிருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும். "அக்கா, கிட்டவும் தூரவும் தெரியிற லென்ஸே வைப்பமா?" என்று கேட்டாள்.

ஒற்றைக் குவிய லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். கொப்பிக்கும் கரும்பலகைக்கும் சேர்த்து இருகுவியக் கண்ணாடி போட வேண்டிவரும். தங்கச்சி கேட்ட, கிட்டவும் தூரவும் தெரியும் பல்குவிய லென்ஸ் அந்தத் தேவையைக் குறைக்கும். ஓடி விளையாடும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்தான்.

ஆனால் அது வெளிச்சத்தைப் பல தூரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. காட்சியின் துலக்கம் குறையும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். பார்வை இன்னும் முதிராத பிள்ளைக்கு அந்த மங்கல் சோம்பல் கண்ணுக்கு (மூளை அந்தக் கண்ணால் தெளிவாகப் பார்க்கப் பழகாமல் போவதற்கு) இடம் கொடுத்துவிடுமோ என்பதுதான் என் பயம். அப்புறம் வளர்ச்சி. பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீற்றர் நீளமான கண், வளர்ந்தபின் சுமார் 23 ஆகிறது. உள்ளே வைத்த லென்ஸோ மாறாது, கிட்டப்பார்வை கூடும். பல்குவியம் வைத்த பிள்ளையும் அப்போது கண்ணாடிக்குத்தான் திரும்பும்.

முடிவு கண் டாக்டருடையது, என் மனம் ஒற்றைக் குவியத்தின் பக்கம். எதை வைத்தாலும் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உறை மங்கலாம், சோம்பல் கண் வராமலிருக்க நல்ல கண்ணை மூடி மற்றக் கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கவும் வேண்டிவரலாம். கல்லடிப் பாலம் கடந்து கிளினிக் போவதை மட்டும் விட்டிராதே தங்கச்சி.