சாப்பாட்டைக் குறைக்கறதா, உடற்பயிற்சியைக் கூட்டறதா? எடை குறைக்கற வழிகள் ஒரு ஒப்பீடு

அரை மணி நேரம் வேகமா நடந்தா, 70 கிலோ எடை இருக்கற ஒருத்தருக்கு சுமார் 150 கலோரி செலவாகும். சும்மா உக்காந்திருந்தாலே அதுல ஒரு பங்கு செலவாகியிருக்கும், அதைக் கழிச்சா நடந்ததுக்குன்னு தனியா நூத்துச் சொச்சம்தான் தேறும். சர்க்கரை போட்ட கூல்டிரிங்க்ஸ் அரை லிட்டர்ல 200 கலோரிக்கு மேல இருக்கு, அதைக் குடிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் போதும். புது ஷூ வாங்கி ஆசையா நடக்க ஆரம்பிச்சு, ரெண்டு மாசம் கழிச்சும் எடை மெஷின்ல முள் அசையலையேன்னு மனசு ஒடிஞ்சு விட்டுடறவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க யாரும் சோம்பேறிங்க கிடையாது, நடையால ஆகாத ஒரு வேலையை நடைகிட்ட எதிர்பார்த்துட்டாங்க.

அதனால எது எந்த வேலைக்கு ஆகும்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம். என் முடிவை முன்னாடியே சொல்லிடறேன்: எடையை இறக்கறது பெரும்பாலும் சாப்பாடு, இறங்கினதை திரும்ப ஏறவிடாம பிடிச்சு வைக்கறதுல பெரிய பங்கு உடற்பயிற்சிக்கு. சாப்பாட்டுல எந்த முறை நல்லதுன்னா, எதை நீங்க ரெண்டு வருஷம் கழிச்சும் செஞ்சுட்டு இருப்பீங்களோ அதுதான்.

சாப்பாடா, உடற்பயிற்சியா

உடம்புல ஒரு கிலோ கொழுப்புங்கறது தோராயமா 7700 கலோரி. தினமும் 500 கலோரி குறைச்சா ஆரம்பத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு கிலோ போகும்னு கணக்கு வரும். (ஆரம்பத்துல மட்டும்தான், எடை இறங்க இறங்க உடம்புக்குத் தேவையும் இறங்கிடும், அதனால இந்தக் கணக்கை ஒரு வருஷத்துக்கு நேர்கோடா இழுக்கக் கூடாது.) இந்த 500 கலோரியை சாப்பாட்டுல எடுக்கணும்னா சர்க்கரை பானத்தையும் சாயங்கால நொறுக்குத்தீனியையும் நிறுத்தினாலே பலருக்கு அதுல பாதிக்கு மேல வந்துடும், ராத்திரி ரெண்டாவது தடவை போட்டுக்கறதையும் விட்டா மீதியும் வந்துடும். நடந்தே எடுக்கணும்னா தினமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேகமா நடக்கணும், வேலைக்குப் போய் குழந்தைகளைப் பார்த்துக்கற எத்தனை பேருக்கு அது முடியும் சொல்லுங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. உடற்பயிற்சியைக் கூட்டினா உடம்பு வேற இடத்துல சிக்கனம் பண்ணுது, பசியையும் கொஞ்சம் கிளப்பி விடுது. ஹெர்மன் பான்ட்ஸர்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் டான்சானியாவுல இன்னும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழற ஹட்சா மக்களோட கலோரி செலவை அளந்து 2012ல வெளியிட்டாங்க. நாள் முழுக்க நடக்கற அந்த மக்களும் மேற்கத்திய நாட்டுல உக்காந்து வேலை பாக்கறவங்களும், உடம்பு அளவைக் கணக்குல எடுத்துக்கிட்டா, ஒரு நாளைக்கு செலவு பண்ற மொத்த கலோரி கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு. இதைப் படிச்சதுக்கு அப்புறம் "ஒரு மணி நேரம் ஓடினேன், அதனால ஒரு பெரிய கேக் துண்டு சாப்பிடலாம்"ங்கற கணக்கை யாரும் போட வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

அப்ப உடற்பயிற்சி வேண்டாமா? கட்டாயம் வேணும், ஆனா வேற காரணத்துக்கு. அமெரிக்காவுல 1994ல ஆரம்பிச்ச நேஷனல் வெயிட் கன்ட்ரோல் ரெஜிஸ்ட்ரின்னு ஒரு பதிவேடு இருக்கு, குறைஞ்சது 13.6 கிலோ குறைச்சு அதை ஒரு வருஷத்துக்கு மேல தக்க வச்சவங்கதான் அதுல சேர முடியும். அவங்கள்ல பெரும்பாலானவங்க சாப்பாடு, உடற்பயிற்சி ரெண்டையும் மாத்தினவங்க, சராசரியா தினமும் ஒரு மணி நேரம் அளவுக்கு ஏதாவது உடல் உழைப்பு பண்றவங்க, அதுலயும் அதிகம் பேர் பண்றது வெறும் நடைதான். குறைக்கறது ஒரு வேலை, தக்க வைக்கறது வேற வேலை, இதை யாரும் முதல் நாளே நமக்கு சொல்லித் தர்றதில்ல.

ரெண்டையும் சேர்த்து செஞ்சா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சான்று 2002ல வந்த டயபடிஸ் பிரிவென்ஷன் புரோகிராம் ஆய்வு. சர்க்கரை நோய் வர்ற விளிம்புல இருந்த 3234 பேர். உடம்பு எடையில 7 சதவீதம் குறைக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது செய்யணும், ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு அவ்வளவுதான். மருந்தில்லாத வெத்து மாத்திரை எடுத்தவங்களோட ஒப்பிட்டா, சர்க்கரை நோய் வர்றது அந்தக் குழுவுல 58 சதவீதம் குறைஞ்சுது, மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவங்களுக்கு 31 சதவீதம். 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம்னா அஞ்சரை கிலோ சொச்சம், கண்ணாடியில பெருசா தெரியாது, ஆனா உள்ள நடக்கற மாற்றம் எவ்வளவு பெருசுன்னு பாருங்க. இருபது கிலோ குறைச்சாதான் குறைச்ச மாதிரின்னு நினைச்சு ஆரம்பிக்காமயே இருக்கறவங்களுக்காகவே இதை சொல்றேன்.

கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை) குறைக்கறதா, கொழுப்பு குறைக்கறதா

இந்தச் சண்டை எத்தனையோ வருஷமா நடக்குது, ஆனா விடை பெரும்பாலும் வந்தாச்சு. ஸ்டான்ஃபோர்டுல கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு வருஷம் நடத்தின ஆய்வு 2018ல வந்துச்சு. கொழுப்பைக் குறைச்சவங்க சராசரியா 5.3 கிலோ, கார்ப் குறைச்சவங்க 6 கிலோ, புள்ளிவிவரப்படி இது வித்தியாசமே இல்ல. ஜீன் டெஸ்ட் பண்ணி உனக்கு இது, எனக்கு அதுன்னு பிரிக்க முடியுமான்னும் பார்த்தாங்க, அதுவும் கை கொடுக்கல. ஆனா ஒவ்வொரு குழுவுக்கு உள்ளயும் இருபது கிலோவுக்கு மேல குறைஞ்சவங்களும் இருந்தாங்க, எடை ஏறினவங்களும் இருந்தாங்க.

கார்ப் குறைக்கறவங்க முதல் வாரத்துலயே ரெண்டு கிலோ போச்சுன்னு சந்தோஷப்படறது உண்டு. அதுல பெரும்பகுதி தண்ணி. சாப்பிட்ட கார்ப்பை உடம்பு கிளைக்கோஜன்ங்கற வடிவத்துல சேமிச்சு வச்சிருக்கும், அதுல ஒவ்வொரு கிராமோடயும் சுமார் மூணு கிராம் தண்ணி ஒட்டியிருக்கும், கிளைக்கோஜன் கரையும்போது அதுவும் சேர்ந்து போகும், மறுபடி கார்ப் சாப்பிட்டா திரும்ப வந்துடும். இது தெரியாம, ஒரு விருந்து சாப்பிட்டு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறிடுச்சுன்னு பதறி எல்லாத்தையும் விட்டுடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

ரெண்டு பக்கமும் ஒத்துக்கற விஷயத்துலதான் உண்மையான லாபம் இருக்குன்னு நினைக்கறேன்: பாக்கெட் உணவு. 2019ல கெவின் ஹால் நடத்தின ஆய்வுல 20 பேரை ஆய்வுக்கூடத்துலயே தங்க வச்சு, ரெண்டு வாரம் அதிகமா பதப்படுத்தின உணவு, ரெண்டு வாரம் சமைச்ச சாதாரண உணவு, எவ்வளவு வேணுமோ சாப்பிடுங்கன்னு விட்டாங்க. பரிமாறின கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டுலயும் ஒரே அளவுதான். அப்படியும் பாக்கெட் உணவு வாரங்கள்ல தினமும் 500 கலோரி கிட்ட அதிகமா சாப்பிட்டாங்க, 0.9 கிலோ ஏறினாங்க, மத்த ரெண்டு வாரத்துல அதே அளவு இறங்கினாங்க. யாரும் மனக்கட்டுப்பாட்டோட இருக்கல, டயட்டுன்னே யாரும் சொல்லல. வீட்டுல அலமாரியில என்ன இருக்குங்கறதை மாத்தறது, மனசோட தினமும் மல்லுக்கட்டறதை விட சுலபம்.

கூடவே ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், பருப்போ முட்டையோ மீனோ எதுவானாலும் சரி. பசி தாங்கும், புரதத்தை செரிக்கவே அதோட கலோரியில 20லருந்து 30 சதவீதம் வரைக்கும் செலவாயிடும்.

எண்ணிச் சாப்பிடறதா, நேரம் பார்த்துச் சாப்பிடறதா

கலோரி எண்றது நல்ல பாடம், ஆனா வாழ்நாள் முழுக்க செய்யற வேலை இல்ல. 1992ல வந்த ஒரு பிரபலமான ஆய்வுல, 1200 கலோரிக்குக் கீழதான் சாப்பிடறேன், அப்படியும் குறையலன்னு சொன்னவங்களை அளந்து பார்த்தாங்க. அவங்க மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியை செலவு பண்ற வேகம், சரியாதான் இருந்துச்சு, சாப்பிட்டதுல 47 சதவீதம் கணக்குலயே வரல, உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டி சொல்லியிருந்தாங்க. வேணும்னு பொய் சொன்னாங்கன்னு நான் நினைக்கல, கண்ணளவு எல்லாரையும் ஏமாத்தும், எண்ணெய் ஒரு ஸ்பூன்னு நினைச்சு ஊத்தறது மூணு ஸ்பூனா இருக்கும். அதனால ரெண்டு மூணு வாரம் எடை போட்டு, எழுதி வச்சுப் பழகுங்க, கண்ணு பழகினதும் விட்டுடலாம். எண்ணிக்கையே மனசை அரிக்குது, சாப்பிட்டதுக்கு குற்ற உணர்ச்சி வருதுன்னா அன்னைக்கே நிறுத்திடணும்.

நேரக்கணக்கு, அதாவது 16 மணி நேரம் சாப்பிடாம 8 மணி நேரத்துக்குள்ள முடிச்சுக்கறது, இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. சீனாவுல குவாங்சோவுல 139 பேரை வச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க, 2022ல வந்துச்சு. எல்லாருக்கும் ஒரே கலோரி அளவு, பாதிப் பேர் மட்டும் காலை 8லருந்து மாலை 4க்குள்ள சாப்பிடணும். அவங்களுக்கு 8 கிலோ, மத்தவங்களுக்கு 6.3 கிலோ குறைஞ்சுது, இந்த வித்தியாசத்தை உறுதியானதுன்னு எடுத்துக்க முடியாது. ஆனா ராத்திரி டிவி முன்னாடி கை தானா டப்பாவுக்குப் போகுதே, அப்படிப்பட்டவங்களுக்கு எட்டு மணிக்கு மேல கிடையாதுன்னு ஒரே ஒரு விதி, எண்ணிக்கிட்டே இருக்கறதை விட ரொம்ப வசதி. பசியை அடக்கிட்டு இருந்து ஒரே வேளையில ரெண்டு வேளைக்கு சேர்த்து சாப்பிடற சுபாவம் இருந்தா இது ஒத்துவராது. இன்சுலின் போடறவங்க, சர்க்கரையைக் குறைக்கற மாத்திரை எடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது, சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

நடையா, ஜிம்மா

சீக்கிரம் சொல்லிடறேன், ரெண்டும்தான். எடை குறையும்போது போறது கொழுப்பு மட்டும் இல்ல, சாதாரணமா கால் பங்கு அளவுக்கு தசை மாதிரி கொழுப்பில்லாத பகுதியும் சேர்ந்து போகும். தசைக்கு வேலை கொடுத்தா அந்த இழப்பு குறையும், அதுக்கு ஜிம்முக்குத்தான் போகணும்னு இல்ல, நாற்காலியில உக்காந்து எழறது, சுவத்துல கை வச்சு தள்றது, இதுலயே ஆரம்பிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் இதேதான், வாரம் 150லருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைப் பயிற்சி. பத்தாயிரம் ஸ்டெப்ஸ்ங்கற எண்ணைப் பார்த்து பயப்படாதீங்க, அது 1960கள்ல ஜப்பான்ல ஒரு நடை எண்ணும் கருவியை விக்க வச்ச பேர்லருந்து வந்தது. வயசான பெண்களை வச்சு 2019ல வந்த ஆய்வுல 4400 ஸ்டெப்ஸ்லயே ஆயுளுக்கு நல்ல பலன் தெரிஞ்சுது, 7500 கிட்ட அந்தப் பலன் நின்னுடுச்சு. முட்டி வலி இருக்கறவங்க ஓட்டத்தை விட்டுட்டு சைக்கிளோ நீச்சலோ பாருங்க.

தூக்கத்தை ஏன் யாரும் இந்த வரிசையில சேர்க்கறதில்லன்னு எனக்கு ஆதங்கம். சிகாகோவுல ஆறரை மணி நேரத்துக்கும் கம்மியா தூங்கற 80 பேரைக் கொஞ்சம் அதிகமா தூங்க வச்சாங்க, சராசரியா ஒரு மணி நேரம் சொச்சம்தான் கூடுச்சு, சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, தினமும் 270 கலோரி தானா குறைஞ்சுது. மேல சொன்ன நடையோட ஒப்பிட்டுப் பாருங்க!

எடை மெஷினா, இஞ்ச் டேப்பா

தினமும் பார்த்தா மனசு கெடும்னா வாரம் ஒரு நாள், காலையில எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்ததும், ஒண்ணும் சாப்பிடறதுக்கு முன்னாடி பாருங்க. தினமும் பாக்கறவங்க ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதி வைங்க, ஒரு நாள் எண்ணுல உப்பும் தண்ணியும் மலமும்தான் விளையாடும். தசைப் பயிற்சி செய்யறவங்களுக்கு மெஷின் சில வாரம் அசையாம நிக்கும், அந்த நேரத்துல தொப்புள் கிட்ட டேப் வச்சு மாசம் ரெண்டு தடவை இடுப்பை அளந்தா குறையறது தெரியும். ரெண்டுமே ஒரு மாசமா அசையலன்னா மறுபடி ஒரு வாரம் சாப்பிடறதை எழுதிப் பாருங்க, அளவு கொஞ்சம் கொஞ்சமா பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். எழுதிப் பார்த்தும் அளவு சரியாதான் இருக்குன்னா தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, எடுத்துக்கற மாத்திரைகளையும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க, சில மருந்துகளே எடையை ஏத்தும்.